லான் அக்காவுக்கு வைத்த பேனர்

உங்களை வெளிநாட்டினர் பிரிவுக்கு மாற்றியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். பாதிப் பேருக்கு இது தண்டனை மாதிரி இருக்கும். ரோந்து இல்லை, லத்தி இல்லை, சொந்தக்காரர்கள் கேட்டால் பாஸ்போர்ட் ஆபீசா என்பார்கள். மீதிப் பேர் உளவாளி பிடிக்கப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு வருவீர்கள். நான் அந்த மேசையில் இருந்த காலம் முழுவதும் ஒரு உளவாளியையும் பார்க்கவில்லை. நோயாளிகளைப் பார்த்தேன். நோயாளிகளுக்குத் துணைக்கு வந்தவர்களைப் பார்த்தேன். ஷூ தைக்கிறவர்களைப் பார்த்தேன்.

வேலூரில் இருந்தபோது லாட்ஜ்தான் வேலை. வெளிநாட்டுக்காரர் ரூம் எடுத்தால் லாட்ஜ்காரர் உடனே நமக்குத் தெரிவிக்க வேண்டும். ஒருவர் 'எந்த நாடு' என்ற இடத்தில் 'கிட்னி' என்று போட்டு அனுப்பினார். கூப்பிட்டுக் கேட்டேன். "அதுக்குதான மேடம் வந்துக்கிறாங்க" என்றார். அப்புறம் மாவட்டத்தைப் பிரித்தார்கள். நோயாளிகள் அந்தப் பக்கம் போனார்கள். ஆம்பூர் ஷூ கம்பெனிகள் இந்தப் பக்கம் வந்தன. நானும் வந்தேன்.

எனக்கு முன்னால் அந்த மேசையில் இருந்தவர் பொறுப்பை ஒப்படைத்தபோது பாடம் எதுவும் எடுக்கவில்லை. டிராயர் சாவியைக் கொடுத்தார். "பாஸ்போர்ட்ட வாங்கி இதுல போட்டா அந்த ஆளையே போட்ட மாதிரி. பூட்டிட்டு டீ குடிக்கப் போ" என்றார். பிறகு வீட்டுக்குப் போய்விட்டார்.

ஷூ கம்பெனி சமாச்சாரம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆம்பூர் பக்கத்துக் கம்பெனிகளுக்கு வெளிநாட்டு ஆர்டர் வரும். புது மாடல் வந்தால் தைக்கச் சொல்லிக்கொடுக்க வெளிநாட்டிலிருந்து ஆள் வரும். அப்படி வந்து மெஷின்கள் வரிசையாக இருக்கிற தையல் லைனில் உட்கார்ந்து வேலை செய்ய வேலை விசா வேண்டும். வேலை விசா என்றால் இவ்வளவுக்குக் குறையாமல் சம்பளம் கொடுக்க வேண்டும் என்று அரசாங்கம் வைத்திருக்கிறது. அதைக் கொடுக்க மனசு வராத கம்பெனி பிசினஸ் விசாவில் ஆளைக் கூட்டிவரும். பிசினஸ் விசாவில் வந்தவர் மீட்டிங்கில் உட்காரலாம், சாம்பிள் பார்க்கலாம், கை குலுக்கலாம். மெஷினில் உட்காரக் கூடாது. உட்கார்ந்து பிடிபட்டால் குற்றவாளி யார் என்றால், பாஸ்போர்ட் வைத்திருப்பவர். கூட்டிவந்தவர் கையில் பாஸ்போர்ட் இருக்காது. விசிட்டிங் கார்டு இருக்கும்.

லான் வியட்நாம்காரி. ஐம்பதை நெருங்கியவள். ஆம்பூர் பக்கம் ஒரு கம்பெனிக்கு ஷூவின் மேல்பாகம் தைக்கச் சொல்லிக்கொடுக்க வந்தாள். பிசினஸ் விசா. வந்த நாளிலிருந்து மெஷினில்தான் உட்கார்ந்தாள். லைன் பெண்கள் அவளை லான் அக்கா என்றார்கள். அவளும் அவர்களிடமிருந்தே தமிழ் கற்றுக்கொண்டாள். தையல் லைனில் என்ன பேசுவார்களோ அந்தத் தமிழ்.

அந்தக் கம்பெனியில் ஆயுத பூஜை அன்று சிறந்த ஆபரேட்டர் என்று ஒருவருக்குப் பரிசு கொடுப்பார்கள். யார் என்று பெண்களே சொல்ல வேண்டும். அந்த வருடம் லைன் மொத்தமும் லான் அக்கா என்றது. எச்.ஆர். மேனேஜர் மேடை ஏறி ஒரு ஹாட்பாக்ஸைக் கொடுத்தார். போட்டோவுக்குச் சிரித்தார்.

பரிசு வாங்கியவருக்கு அவர் கம்பெனி பஸ் ஏறுகிற ஸ்டாப்பில் பேனர் வைப்பது அங்கே வழக்கம். நம் பக்கத்தில் எதற்குத்தான் பேனர் வைப்பதில்லை? நான் சப்-இன்ஸ்பெக்டர் ஆனபோது எங்கள் ஊர் நாட்றம்பள்ளியில் எனக்கும் வைத்தார்கள். கூலிங் கிளாஸ் போட்டுவிட்டிருந்தார்கள். நான் கூலிங் கிளாஸ் போடுவதில்லை. லான் கம்பெனி கெஸ்ட் ஹவுசில் தங்கியிருந்தாள். அவளுக்கு பஸ்சும் இல்லை, ஸ்டாப்பும் இல்லை. அது பாவம் என்று மாதனூர் பஸ் பெண்களுக்குத் தோன்றியிருக்கிறது. ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, மாதனூரில் ஹைவே ஓரம் தங்கள் ஸ்டாப்பில் பேனர் கட்டினார்கள். 'வியட்நாம் தந்த தையல் தங்கமே' என்று மேலே. ஒரு பக்கம் லான் மெஷினில் உட்கார்ந்து தைக்கிற படம். இன்னொரு பக்கம் மேனேஜர் ஹாட்பாக்ஸ் கொடுக்கிற படம். கீழே 'வாழ்த்தி மகிழும் மாதனூர் பஸ் தோழிகள்' என்று வரிசையாக அவர்கள் முகங்கள்.

யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. ஒரு சட்ட மீறலுக்கான சாட்சியத்தை கலரில் அடித்து, சவுக்குக் கம்பில் கட்டி, ஹைவேயைப் பார்த்து நிற்க வைக்கிறோம் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

பிற்பாடு கோப்பில் இதை, ரகசியத் தகவல் கிடைத்தது என்று எழுதினார்கள். உண்மையில் எங்கள் அதிகாரியின் கார் மாதனூரில் டீக்கு நின்றது. கார் ஜன்னலிலிருந்தே அவர் பேனரை போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினார். பக்கத்தில் ஒரு லாரி நின்றதால் படத்தில் பாதிப் பேனர்தான் விழுந்திருந்தது. லான் இருந்த பாதி.

மறுநாள் காலை ஒரு பெண் கான்ஸ்டபிளோடு கம்பெனிக்குப் போனேன். கேட்டில் செக்யூரிட்டி எங்களை நிறுத்தி, உள்ளே போன் போட்டு, பாஸ் எழுதி, காலுக்கு உறை கொடுத்து அனுப்பினார். அந்த நேரத்தில் ஒரு லைனையே கழற்றித் திரும்ப மாட்டியிருக்கலாம். மேனேஜர் எங்களை நேராக மீட்டிங் ரூமுக்குக் கூட்டிப்போனார். நீள மேசை. ஒரு முனையில் லான். மடிப்புக் கலையாத வெள்ளைக் கோட்டு. முன்னால் ஒரு பேப்பர் பேடு, மூடி கழற்றாத பேனா. சுவரில் திரை எரிந்துகொண்டிருந்தது. அதில் ஒன்றும் இல்லை.

"மீட்டிங் நடக்குது மேடம்" என்றார்.

"யாரோட?"

"எல்லாரும் டீ பிரேக் போயிருக்காங்க."

லானிடம் இங்கிலீஷில் ஒன்றிரண்டு கேட்டேன். அவளுக்கு இங்கிலீஷ் தெரியவில்லை. மீட்டிங் எந்த மொழியில் நடக்கிறது என்று மேனேஜரைக் கேட்டேன். சைகையில் என்றார். அந்த நேரம் பார்த்து என்னோடு வந்த கான்ஸ்டபிளுக்கு விக்கல் எடுத்தது. தண்ணீர் இருக்கிறதா என்று என்னிடம் கேட்டாள். லான் எழுந்து மூலையைக் காட்டினாள்.

"தண்ணி அங்க. டம்ளர் கழுவு."

சுத்தமான மாதனூர்த் தமிழ். மேனேஜர் வெறும் திரையைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்கப்புறம் நான் தமிழிலேயே கேட்டேன். மெஷினில் உட்கார்ந்தீர்களா என்றேன். தினமும் என்றாள். எந்த லைன், எந்த மெஷின், ஒரு நாளைக்கு எவ்வளவு டார்கெட், யாருக்கெல்லாம் கை திருந்தியிருக்கிறது, யாருக்கு இன்னும் திருந்தவில்லை என்று தெரிந்த வார்த்தைகளை வைத்துச் சொல்லிக்கொண்டே போனாள். சொல்லும்போது முகத்தில் பெருமை இருந்தது. பரீட்சையில் முதல் மார்க் வாங்கியவள் மாதிரி. மீட்டிங் எத்தனை நடந்தது என்று கேட்டேன். அவள் மேனேஜர் பக்கம் திரும்பி, "மீட்டிங் இன்னா?" என்றாள்.

மேனேஜர் குறுக்கே வந்தார். லானுக்குக் கேள்வி புரியவில்லை, நான் விளக்குகிறேன் என்று ஆரம்பித்தார். லான் கையைத் தூக்கி அவரை நிறுத்தினாள்.

"பேச்சு கம்மி, கை ஜாஸ்தி" என்றாள்.

லைனில் அரட்டை அடிக்கிற பெண்களை சூப்பர்வைசர்கள் இப்படித்தான் அடக்குவார்கள். மேனேஜரை யாரும் அப்படி அடக்கி நான் பார்த்ததில்லை. எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. மீட்டிங்குக்கு வந்தவளுக்கு 'நூல் அறுந்துச்சு', 'ஊசி மாத்து' என்கிற தமிழ் எதற்கு? தான் தப்பு செய்திருக்கிறோம் என்பதே அவளுக்குத் தெரியவில்லை. விசாவைக் காட்டிக் கேட்டதற்கு, "கம்பெனி ஓகே சொல்லிச்சு" என்றாள். தனக்கு எதிரான ஒரே சாட்சியாக அவளே உட்கார்ந்து, எனக்கு வேண்டிய எல்லாவற்றையும் என் மொழியிலேயே சொல்லிக்கொண்டிருந்தாள். பாஸ்போர்ட்டை வாங்கி ரசீது கொடுத்தேன். ரசீதைப் பத்திரமாக மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டாள். அதையும் ஏதோ பரிசு என்று நினைத்தாளோ என்னவோ.

மத்தியானம் எங்கள் அலுவலகத்துக்கு இரண்டு பேரையும் வரச்சொன்னேன். மேனேஜர் வக்கீலோடு யோசித்துவிட்டு வந்திருந்தார்.

"அவங்க ஒரு பொழுதுபோக்கா தச்சாங்க மேடம்" என்றார். "நாங்க வேணாம்னு எவ்வளவோ சொன்னோம். கேக்கல."

பொழுதுபோக்குக்கு டார்கெட் எதற்கு என்றேன். அது தனக்குத் தெரியாது என்றார்.

அதிகாரி என்னை உள்ளே கூப்பிட்டார். மாலைக்குள் லான் மேல் எஃப்.ஐ.ஆர். போட்டாக வேண்டும். நிருபர்கள் கேட்டுவிட்டார்கள், படத்தோடு கொடுக்க வேண்டும். அவருக்கு மேலே இருப்பவருக்கும் சொல்லியாகிவிட்டது.

எஃப்.ஐ.ஆர். போட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இதைப் பயிற்சியில் சொல்லித்தர மாட்டார்கள். வெளிநாட்டுக்காரர் மேல் வழக்கு என்றால் அது முடிகிறவரை அவர் நாட்டை விட்டுப் போக முடியாது. ஜாமீன் கிடைத்தாலும் வீட்டுக்குப் போக முடியாது, வீடு வேறு நாட்டில் இருக்கிறது. வெளியே போக முடியாத சிறப்பு முகாமில் வைப்பார்கள். வழக்கு எப்போது முடியும் என்று நீதிபதிக்கே தெரியாது. வழக்கு போடாமல், வெளியேறச் சொல்லி நோட்டீஸ் மட்டும் கொடுத்தால் சில நாளில் விமானம் ஏறிவிடலாம். இரண்டுக்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது. எது என்பது நாம் எழுதுகிற அறிக்கையில் இருக்கிறது.

லானின் மகள் ஊரில் மாசமாக இருந்தாள். போனில் படம் காட்டினாள். "பொண்ணு. அடுத்த மாசம்" என்றாள். பிறகு, "வீடு எப்போ?" என்று கேட்டாள். பஸ் எப்போது வரும் என்று கேட்கிற மாதிரிதான் கேட்டாள்.

அதிகாரியிடம், கம்பெனியை என்ன செய்வது என்று கேட்டேன்.

"ஆயிரக்கணக்கான குடும்பம் சாப்பிடுதும்மா அங்க" என்றார். "அவங்களுக்குத் தெரியாம இவ செஞ்சிருக்கா. தெரிஞ்சுதான் செஞ்சாங்கன்றதுக்கு ஆதாரம் இருக்கா?"

பேனர் என்றேன். போனை எடுத்துத் தான் எடுத்த படத்தைக் காட்டினார். லான் மட்டும். மறுபாதியில் லாரி. ஆளை அனுப்பிப் பார்த்தேன், மாதனூர் ஸ்டாப்பில் கம்புகள் மட்டும் நின்றன. பேனர் அடித்த கடைக்காரருக்குப் போன் போட்டேன். கம்ப்யூட்டர் படுத்துவிட்டது, எல்லாம் அழிந்துவிட்டது என்றார். அந்தக் கம்பெனியின் காலண்டர் முழுக்க அடிப்பது அவர்தான். லைன் பெண்களின் போனில் இருந்த படங்களை எல்லாம் அன்று காலையே சூப்பர்வைசர்கள் முன்னால் நின்று அழிக்க வைத்திருந்தார்கள்.

என் மேசைக்குத் திரும்பினேன். டிராயரில் பாஸ்போர்ட் இருந்தது. அரை மணியில் எழுதிவிடக்கூடிய எஃப்.ஐ.ஆர். லான் பிசினஸ் விசாவில் வந்தாள், மெஷினில் வேலை செய்தாள், ஒப்புக்கொண்டாள். எல்லாம் உண்மை. உங்களுக்கு நான் சொல்ல வருவது இதுதான். ஒரு வரிகூடப் பொய் இல்லாமல் முழுப் பொய்யாக ஒரு எஃப்.ஐ.ஆர். எழுத முடியும். யாரை விட்டுவிடுகிறோம் என்பதில் இருக்கிறது பொய். அப்படி எழுதினால் உங்களை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். பாராட்டுவார்கள்.

மேனேஜர் இன்னும் வெளி பெஞ்சில் இருந்தார். பேனரை யார் அவிழ்த்தது என்று சும்மா கேட்கிற மாதிரி கேட்டேன்.

"காலையிலயே அந்தப் பொண்ணுங்களையே வண்டியில அனுப்பி அவுக்கச் சொன்னேன். குப்பையில போட்டாச்சு மேடம்" என்றார். வேலையைச் சரியாக முடித்தவரின் குரல்.

அவர் எங்கேயோ வெளியூர். கெஸ்ட் ஹவுசுக்கும் கம்பெனிக்கும் நடுவில் கார்க் கண்ணாடி வழியாகத்தான் இந்த ஊரைப் பார்த்திருக்கிறார். நம் பக்கத்தில் ஒரு பேனரைக் குப்பையில் போட்ட ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை. தேர்தல் பேனரில் புளி காயும். கல்யாணப் பேனர் விறகை மூடும். எனக்கு வைத்த பேனர் என் தம்பி வீட்டு வைக்கோல் போர் மேல் பல வருடம் கிடந்தது. மழையில் கூலிங் கிளாசோடு நனைந்தேன்.

மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் எடுத்த வாக்குமூலம் கோர்ட்டில் நிற்காது என்று அதிகாரியிடம் சொல்லி ஒரு நாள் அவகாசம் வாங்கினேன். அது உண்மைதான். உண்மையான காரணம் கையில் இருந்தால் அதையே சொல்லுங்கள், மாட்டிக்கொள்ள மாட்டீர்கள். லானைக் காவலோடு கெஸ்ட் ஹவுசுக்கு அனுப்பிவிட்டு மாதனூர் போனேன். மழை பிடித்துக்கொண்டது.

பேனருக்கு வசூல் செய்தவள் எஸ்தர் என்று டீக்கடையில் சொன்னார்கள். லானோடு அதே லைனில் தைக்கிறவள். கம்பெனி பஸ் அப்போதுதான் அவளை இறக்கிவிட்டுப் போயிருந்தது. கழுத்தில் ஐ.டி. கார்டைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றாள்.

பேனர் எங்கே என்றேன்.

"இன்னா பேனர்?" என்றாள்.

வீட்டுக்குப் பின்னால் ஆடு கத்தியது. நான் கேட்காமலே பின்பக்கம் போனேன். ஆட்டுக்கொட்டாய்க்குக் கூரையாகப் பேனரைக் குப்புறக் கட்டியிருந்தார்கள். வெள்ளைப் பக்கம் வானத்தைப் பார்த்தது. உள்ளே குனிந்து நிமிர்ந்தால் தலைக்கு மேலே லான் தைத்துக்கொண்டிருந்தாள். மேனேஜர் ஆடுகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

எஸ்தர் பின்னாலேயே வந்தாள். "அத எடுத்துனு போய்ட்டா ஆடு நனையும் மேடம்" என்றாள்.

நான் உள்ளதைச் சொன்னேன். இந்தப் பேனர் இல்லையென்றால் வழக்கில் லான் மட்டும்தான். வருஷக் கணக்கில் முகாமில் இருப்பாள், மகள் பிரசவத்துக்குப் போக முடியாது. பேனர் இருந்தால் மேனேஜர் தெரியாது என்று சொல்ல முடியாது.

"அக்கா இன்னா திருடுனாங்களா?" என்றாள். "எங்களுக்குத் தொழில் சொல்லிக் குடுத்தாங்க. அதுக்கு ஜெயிலா?"

ஜெயில் இல்லை, முகாம் என்றேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

பிறகு கேட்டாள். "மேனேஜர் மாட்னா லைன நிறுத்திடுவாங்களா மேடம்?"

"நிறுத்தலாம். தெரியாது." அவளிடம் பொய் சொல்லி வாங்கியிருக்கலாம். பொய் சொல்லி வாங்கிய சாட்சி கோர்ட் வாசலில் காணாமல் போய்விடும். அதைவிட, எனக்கு அன்று ஏற்கெனவே போதுமான பொய்யைக் கேட்டாகிவிட்டது.

வீட்டுக்குள்ளிருந்து மாமியார் குரல் கொடுத்தார். வேலை போனால் இந்த மேடமா சோறு போடும், கதவைச் சாத்துடி என்றார். நியாயமான கேள்வி.

எஸ்தர் கூரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். "நாங்கதான மேடம் மாட்டிவுட்டோம்" என்றாள். "பாசத்துல வெச்சோம். இங்க யாரும் இல்லாத ஆளு, நம்ம ஸ்டாப்லயாவது வெப்போம்னு நான்தான் சொன்னேன்."

"எங்க கிடைச்சுது, யார் குடுத்தாங்கன்னு எழுதணும். உன் பேர் வரும்" என்றேன்.

"எழுதிக்கோ மேடம். மூஞ்சியே அதுல கீது. பேர்ல இன்னா."

ஜீப்பில் சாலைப் பாதுகாப்பு வாரத்துக்கு அடித்த பேனர் ஒன்று சுருட்டிக் கிடந்தது. அதைக் கொண்டுவந்து கொட்டாய் மேல் கட்டினோம். நானும் எஸ்தரும் டிரைவரும் மழையில் நனைந்துகொண்டே கட்டினோம். ஹெல்மெட் போட்ட ஒரு குடும்பம் ஆடுகளைப் பார்த்துச் சிரித்தது. மாமியார் வெளியே வந்து, இது பழசைவிட அகலம் என்று ஒப்புக்கொண்டார்.

காலையில் அதிகாரியின் அறையில் பேனரை விரித்தேன். அறை போதவில்லை, நாற்காலிகளைத் தள்ளினேன். ஆட்டுப் புழுக்கை இரண்டு கார்ப்பெட்டில் உருண்டது. மேலே அறிக்கையை வைத்தேன். முதல் எதிரி, அதாவது முதல் குற்றவாளி, மேனேஜர். இரண்டாவது, கம்பெனி. மூன்றாவது, லான். சாட்சி, எஸ்தர்.

அதிகாரி நின்றுகொண்டே படித்தார். "மேனேஜர் முதல் எதிரியா?" என்றார்.

"வரவெச்சது அவர். மெஷின்ல உட்கார வெச்சது அவர். பரிசு குடுத்தது அவர்." பேனரைக் காட்டினேன். "படத்துலயும் அவர்தான் சார் பெருசு."

உண்மையில் பெரிசாகத்தான் இருந்தார். பரிசு வாங்கியவளைவிடப் பரிசு கொடுத்தவரைப் பெரிதாகப் போடுவதுதான் நம் ஊரில் மரியாதை. அந்தப் பெண்கள் மரியாதை தெரிந்தவர்கள்.

என்னை வெளியே இருக்கச் சொன்னார். கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அவருடைய போன் அடிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். முதலில் அவர் பேசினார். பிறகு கேட்டார். பிறகு 'சரிங்க சார்' மட்டும் சொன்னார். உள்ளே கூப்பிட்டபோது பேனர் பாதி சுருட்டியிருந்தது.

"எஃப்.ஐ.ஆர். அளவுக்குப் போக வேணாம்மா" என்றார். "அந்தம்மா வயசானவங்க. மனிதாபிமானம்னு ஒண்ணு இருக்குல்ல. நோட்டீஸ் குடுத்து அனுப்பிடலாம்."

முந்தின நாள் இல்லாத மனிதாபிமானம் போன் வழியாக வந்து சேர்ந்திருந்தது.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். நான் முறுக்கிக்கொண்டு நின்றிருக்கலாம். வழக்கைப் போட்டே தீருவேன், மேலே எழுதுவேன் என்று சொல்லியிருக்கலாம். எனக்கு வந்த கோபத்துக்கு அதுதான் சரி. ஆனால் வழக்கு போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மேனேஜர் மறுநாள் ஜாமீன் வாங்கி மத்தியானச் சாப்பாட்டுக்குக் கெஸ்ட் ஹவுஸ் போயிருப்பார். மூன்றாவது எதிரி முகாமுக்குப் போயிருப்பாள். என் கோபத்துக்கு அவள் வாடகை கட்டியிருப்பாள். "சரி சார்" என்றேன். அறிக்கையை வாங்கி மாற்றி எழுதச் சொன்னார். மாற்றவில்லை. புதிதாக நோட்டீஸ் எழுதினேன். பழைய அறிக்கை அப்படியே கோப்பில் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அவரும் அதைக் கிழிக்கவில்லை. பேனர் இருக்கிறவரை அதைக் கிழித்துப் பயன் இல்லை என்று அவருக்குத் தெரியும்.

இது நியாயம் என்று நான் சொல்லவே இல்லை. கம்பெனிக்கு, விசா விதிகளைப் பின்பற்றவும் என்று ஒரு கடிதம் போனது. அதை டைப் அடித்தவள் நான்தான். அவ்வளவுதான் அவர்களுக்குத் தண்டனை. அடுத்த மாடலுக்கு வேறு நாட்டிலிருந்து ஆள் வந்ததாகக் கேள்விப்பட்டேன். மேனேஜர் திருந்தியிருக்கிறார், ஆயுத பூஜைக்கு இப்போது பரிசு கொடுப்பதில்லை. எஸ்தரை வேறு லைனுக்கு மாற்றினார்கள். வேலையை விட்டு எடுக்கவில்லை. காவல்துறை அறிக்கையில் சாட்சி என்று பேர் இருப்பவளை எடுத்தால் கோப்பு மறுபடி திறக்குமோ என்று பயம். அவள் பேரை எழுதாமல் விட்டிருந்தால் அந்த வாரமே அனுப்பியிருப்பார்கள். பாவம் பார்த்துப் பேரை மறைக்காதீர்கள். சில சமயம் பேர்தான் காப்பாற்றும்.

விமானம் ஏற்றிவிட நானே போனேன். விடிகாலை ஜீப் மாதனூரைத் தாண்டும்போது பெண்கள் கம்பெனி பஸ்சுக்கு நின்றிருந்தார்கள். நிறுத்தச் சொன்னேன். லானை இறக்கவில்லை, விதி அப்படி. அவர்கள் ஜன்னலைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தி மல்லிப்பூவை அவள் தலையில் வைக்கப் பார்த்தாள், முடி குட்டை, நிற்கவில்லை. காதில் சொருகினாள். எஸ்தர் ஹாட்பாக்ஸை உள்ளே நீட்டினாள். கெஸ்ட் ஹவுசில் விட்டுவிட்டு வந்திருந்ததை யாரையோ பிடித்து வாங்கிவந்திருக்கிறாள். உள்ளே இட்லி சூடாக இருந்தது. பின்னால் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. எல்லோரும் ஓடினார்கள்.

சென்னை வரை லான் ஹாட்பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். எனக்கும் டிரைவருக்கும் இட்லி எடுத்துக்கொடுத்தாள். ஏர்போர்ட்டில் நோட்டீசில் கையெழுத்து வாங்கினேன். மறுபடி இந்த நாட்டுக்குள் வரக் கூடாது என்பதைத் தமிழில் அவளுக்கு விளக்கப் பார்த்தேன். அதற்கான வார்த்தைகள் அவளிடம் இல்லை. 'வேணாம்', 'இல்ல', 'முடிஞ்சுது' என்று நான் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினாள். டிராயரில் இருந்த பாஸ்போர்ட்டைக் கையில் கொடுத்தேன். அவள் கோட்டுப் பையிலிருந்து என் ரசீதை எடுத்துத் திருப்பிக் கொடுத்தாள்.

லைனில் மாலை மணி அடித்ததும் போய் வா என்று யாரும் சொல்வதில்லை. சூப்பர்வைசர்கள் கதவருகில் நின்று ஒவ்வொருத்தியிடமும் ஒன்றுதான் சொல்வார்கள். விடைபெறுவதற்கு லானுக்குத் தெரிந்த தமிழ் அது ஒன்றுதான். கதவுக்குப் போகும் முன் என் தோளைத் தட்டினாள்.

"நாளைக்கு சீக்கிரம் வா" என்றாள்.

"வர்றேன்க்கா" என்றேன்.